பழைய கார் வாங்கிய கையோடு என்ஜின் போனால்: வாரண்டி தகராறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி ஒன்றிரண்டு மாதத்துக்குள் என்ஜின் கைவிட்டால், விற்றவரிடமிருந்து வரும் பதில் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். "அது தேய்மானம் சார்", "நீங்க ஓட்டின விதம் அப்படி", "இந்தப் பார்ட் வாரண்டில வராது." இந்தப் பதில்களை முறியடிக்க முடியுமா முடியாதா என்பது நுகர்வோர் ஆணையத்தில் முடிவாகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்கு வெகு முன்பே, என்ஜினைப் பிரிக்கும் நாளில் பாதி முடிவாகிவிடுகிறது. இங்குள்ள பதில்கள் தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்கியவர்களை மனதில் வைத்து எழுதியவை.

கார் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. பைபாஸில் போகும்போது சத்தம் வந்து என்ஜின் நின்றுவிட்டது. முதலில் என்ன செய்வது?

மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், ஆயில் பிரஷர் விழுந்திருக்கலாம். "ஒரு தடவ அடிச்சுப் பாப்போம்" என்று செல்ஃப் போடும் ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். அப்படிக் கூடிய சேதத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள்.

என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து டேஷ்போர்டைப் படமெடுங்கள். கிலோமீட்டர், எரியும் எச்சரிக்கை விளக்குகள், டெம்பரேச்சர் முள் எல்லாம் தெரிய வேண்டும். பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவில் எவ்வளவு இருக்கிறது, டிப் ஸ்டிக்கில் ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது, வண்டிக்கடியில் ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்பதை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தொட வேண்டாம். வழியில் கிடைக்கும் மெக்கானிக் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஸ்பேனரை எடுக்க விடாதீர்கள்.

வாரண்டியோடு சாலையோர உதவி எண் தந்திருந்தால் முதல் அழைப்பு அதற்கே போகட்டும். நேரமும் இடமும் அவர்கள் பதிவிலேயே ஏறிவிடும். பிறகு அன்றைக்கே எழுத்தில் தகவல் கொடுங்கள். பெரும்பாலான வாரண்டித் தாள்களில், பழுதானால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், எங்கள் முன்அனுமதி இல்லாமல் பிரிக்கவோ பழுது பார்க்கவோ கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் இருக்கும். போனில் பத்து முறை பேசியிருந்தாலும் அது தகவல் கொடுத்ததாக நிற்காது. மெயில் ஒன்று, அதே வாசகம் வாட்ஸ்அப்பில் ஒன்று: "இன்ன பதிவெண் கார், இன்ன தேதியில் உங்களிடம் வாங்கியது, இத்தனை கிலோமீட்டரில் இன்ன இடத்தில் நின்றுவிட்டது. என்ஜினை யாரும் திறக்கவில்லை. இரு தரப்பும் இருக்கும்போது பரிசோதிக்க நாள் குறித்துச் சொல்லவும்." அவ்வளவு போதும். கோபத்தை இதில் கொட்ட வேண்டாம். இந்தச் செய்தி பின்னால் ஆணையத்தின் மேசைக்குப் போகப்போகிறது.

விற்றவர் "எங்க ஆளையே அனுப்புறோம், என்ஜினை இறக்கிப் பாத்துடலாம்" என்கிறார். விடலாமா?

விடலாம். ஆனால் நீங்கள் இல்லாமல் கூடாது, எழுத்தில் எதுவும் இல்லாமலும் கூடாது.

என்ஜின் என்பது பிரித்தவுடன் சாட்சியம் கலைந்துபோகும் பொருள். எந்தப் போல்ட் லூசாக இருந்தது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கேஸ்கெட் எந்த இடத்தில் கருகியிருந்தது, அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் எவ்வளவு ஆயில் மிச்சமிருந்தது என்பதெல்லாம் அந்த ஒரு முறைதான் தெரியும். அடுத்த நாள் நீங்கள் போய்ப் பார்க்கும்போது தட்டில் கழுவி வைத்த பிஸ்டன்களும், "ஆயிலே இல்ல சார், வறண்டு கெடந்துச்சு" என்ற ஒரு வாக்கியமும்தான் இருக்கும். அதற்குப் பிறகு எந்த நிபுணர் வந்தாலும் ஊகம்தான் சொல்ல முடியும்.

ஆகவே பிரிப்பதற்கு முன் ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். அதில் கிலோமீட்டரும், "வாடிக்கையாளர் முன்னிலையில் பிரிக்கப்படும்" என்ற வரியும் இருக்கட்டும். பேட்டரியைக் கழற்றும் முன் ஸ்கேனர் போட்டுக் கோளாறுக் குறியீடுகளை எடுத்துவிட வேண்டும். கோளாறு பதிவான நொடியில் வேகம், என்ஜின் சூடு, சுழற்சி எவ்வளவு என்பதை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. சேமித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். சில வண்டிகளில் பேட்டரி வயரை எடுத்தாலே அது அழிந்துபோகும். குறியீடுகளை யாராவது கிளியர் செய்துவிட்டால் எல்லா வண்டியிலும் போய்விடும். "சூடாகியும் நிறுத்தாம ஓட்டினீங்க" என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் அந்தப் பதிவில்தான் இருக்கிறது. உங்களுக்கு எதிராகவும் இருக்கலாம், ஆனால் அது என்னவென்று தெரிந்துகொண்டு சண்டைக்குப் போவது நல்லது.

ஆயிலை இறக்கும்போது எவ்வளவு வந்தது என்று அளந்து குறியுங்கள். சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போட விடாதீர்கள். அதை அறுத்துப் பார்த்தால் உலோகத் துகள் எவ்வளவு நாளாகச் சேர்ந்திருக்கிறது என்று ஓரளவு புரியும். கழற்றிய பாகங்கள் உங்களுடையவை. ரிப்பேர் முடிந்தாலும் வழக்கு முடியும்வரை அவை இருக்க வேண்டும். பிரிக்கும் கூலி யாருடையது என்பதையும் முன்னரே எழுதிக்கொள்ளுங்கள். வாரண்டி ஏற்கப்பட்டால் அவர்கள், மறுக்கப்பட்டால் நீங்கள் என்பதுதான் பொது வழக்கம். இதைப் பேசாமல் விட்டு, வண்டியை எடுக்க முடியாமல் பார்க்கிங் கட்டணம் ஏறியவர்கள் உண்டு.

கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போக முடிந்தால் அழைத்துப் போங்கள். அவர் சண்டை போட வேண்டாம், பார்த்துக்கொண்டு நின்றாலே போதும்.

என் கையில் இருப்பது எந்த வாரண்டி என்றே தெரியவில்லை.

நிறையப் பேர் நிலை இதுதான். "ஒரு வருஷம் வாரண்டி இருக்கு" என்று சொன்னது நினைவிருக்கும், கொடுத்தது யார் என்பது நினைவிருக்காது. கார் புதிதாக விற்றபோது கம்பெனி கொடுத்த வாரண்டி இன்னும் மிச்சமிருக்கலாம். அது வழக்கமாக வண்டியின் சேசிஸ் எண்ணோடு போவது. எக்ஸ்டெண்டட் வாரண்டியாக இருந்தால் புது ஓனர் பெயருக்கு மாற்றக் கம்பெனியிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். முதலில் இதைப் பாருங்கள். இது இருந்தால் மற்ற சண்டையே தேவைப்படாமல் போகலாம்.

ட்ரூ வேல்யூ மாதிரி கம்பெனியே நடத்தும் பழைய கார் கடைகள் தரும் வாரண்டி வேறு, ஸ்பின்னி, கார்ஸ்24 மாதிரி ஆன்லைன் நிறுவனங்கள் தருவது வேறு. ஊரில் பழைய கார் வாங்கி விற்கும் கார் கன்சல்டிங்காரர் தருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வெளி வாரண்டி கம்பெனி ஒன்றின் திட்டத்தை வாங்கி உங்களிடம் கொடுத்திருப்பார், அல்லது "ஒரு மாசம் என் பொறுப்பு" என்ற வாய்வார்த்தை. வெளிக் கம்பெனித் திட்டம் என்றால் காகிதத்தில் பணம் தர வேண்டியவர் கன்சல்டிங்காரர் அல்ல. அவர் கை கழுவுவதும் அதனால்தான். ஆனாலும் விற்றவர் என்ற முறையில் அவருக்குத் தனியாகப் பொறுப்பு உண்டு. புகாரில் இருவரையும் சேர்ப்பதுதான் சரி.

வாய்வார்த்தைக்கு மதிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் "என்ஜின் கியாரண்டி ணா, கண்ண மூடிட்டு எடுங்க" என்று அவர் அனுப்பிய ஒரு வரி, விளம்பரத்தில் போட்ட "என்ஜின் பக்கா கண்டிஷன்" எல்லாமே அவர் விற்ற பொருளைப் பற்றிச் சொன்ன உறுதிமொழிகள்தான். விளம்பரத்தை அவர் எடுத்துவிடுவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

"என்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி" என்றால் என்ஜின் முழுக்கத்தானே?

இல்லை. வழக்கமான வாசகத்தைப் பொறுமையாகப் படித்தால், ஆயிலில் ஓடும் உள்பாகங்கள் மட்டும் என்று இருக்கும்: பிஸ்டன், கனெக்டிங் ராட், க்ராங்க், கேம், வால்வு. டர்போ, இன்ஜெக்டர், ஃபியூயல் பம்ப், வாட்டர் பம்ப், சென்சார்கள், சீல், கேஸ்கெட், பெல்ட் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கக்கூடும். இங்கேதான் வித்தை. டைமிங் பெல்ட் விலக்கு, வால்வு உள்ளே. பெல்ட் அறுந்து வால்வு வளைந்தால் என்ன? டஸ்டர், டெர்ரானோவின் 1.5 லிட்டர் டீசல் மாதிரி பெல்ட் வைத்த என்ஜின்களில் இதுதான் நடக்கும். பெல்ட் அறுந்த கணமே பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். "விலக்கப்பட்ட பாகத்தால் விளைந்த சேதம்" என்ற வரி ஒன்று இருந்தால் முழுவதையும் மறுப்பார்கள். அந்த வரி இல்லையென்றால் வால்வுச் செலவை விடாமல் கேளுங்கள்.

ஒரு கிளெய்முக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும், முதல் சில நாட்களுக்குப் பொருந்தாது என்ற காத்திருப்புக் காலமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். விற்கும்போது இந்தத் தாளையே காட்டாமல் பின்னால் மெயிலில் அனுப்பியிருந்தால் அது உங்களுக்கு நல்ல வாதம். பணம் கட்டிய தேதி, நிபந்தனைகள் கைக்கு வந்த தேதி இரண்டையும் குறித்து வையுங்கள்.

"இது தேய்மானம்" என்று மறுத்துவிட்டார்கள். எப்படி எதிர்ப்பது?

எந்தச் சேதம் உருவாக எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை விற்றவர் தரப்பு தடுமாறும் இடம் இந்தக் கேள்விதான்.

வால்வு கவரைக் கழற்றினால் கருப்புக் களிம்பு மாதிரி ஆயில் கசடு அப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஆயிலை மாற்றாமல் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டியதால் வருவது. மூன்று வாரத்தில், 900 கிலோமீட்டரில் யாராலும் அதை உண்டாக்க முடியாது. அப்படியானால் விற்கும் நாளிலேயே அது உள்ளே இருந்தது. "சர்வீஸ் பண்ணிக் கொடுத்தோம், முழுசா செக் பண்ணினோம்" என்று அவர்கள் கொடுத்த பரிசோதனைப் பட்டியலில் ஆயில் நிலைமை "நன்று" என்று டிக் அடித்திருந்தால் அந்தத் தாளே அவர்களுக்கு எதிராகப் பேசும். டைமிங் செயின் நீண்டிருப்பதும், சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்து புகை தள்ளுவதும் இந்த வகைதான். அவற்றைத் தேய்மானம் என்று அவர்கள் சொல்வது உண்மை. நீங்கள் கேட்க வேண்டியது, அவ்வளவு தேய்ந்த என்ஜினை என்ன சொல்லி விற்றீர்கள் என்பதை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆயில் இல்லாமல் ஓடினால் பேரிங் பிடித்துக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும். வாங்கிய பிறகு ஆயில் ஒழுகி, விளக்கு எரிந்தும் ஓட்டியிருந்தால் பொறுப்பு உங்கள் பக்கம் சாயும். ஹெட் கேஸ்கெட் விஷயம் இரண்டுங்கெட்டான். கூலன்ட் மெல்லக் குறைந்துகொண்டே இருந்த வண்டியை, ரேடியேட்டரில் லீக் அடைக்கும் மருந்தை ஊற்றி விற்றிருக்கலாம். அல்லது உங்கள் கையில்தான் ஹோஸ் வெடித்து, முள் சிவப்பைத் தொட்ட பிறகும் வீடு வரை ஓட்டி ஹெட் வளைந்திருக்கலாம். கூலன்ட் துவாரங்களில் மருந்தின் மிச்சம், பழைய வெள்ளைத் தடம், ஹெட்டில் ஏற்கெனவே லேத் பட்டறையில் தேய்த்த அடையாளம் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை இறக்கி ஏற்றிய என்ஜின் என்பதைக் கம்பெனி போட்ட பசையின் நிறத்துக்கும் பின்னால் பூசிய பசைக்கும் உள்ள வித்தியாசமே காட்டிக்கொடுக்கும்.

இவற்றையெல்லாம் ஆட்டோமொபைல் என்ஜினியர் ஒருவரிடமோ, லைசென்ஸ் பெற்ற மோட்டார் சர்வேயரிடமோ காட்டி, படங்களுடன் அறிக்கையாக வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைப் பின்னால் இழப்பீட்டோடு சேர்த்துக் கேட்கலாம்.

வெள்ளத்தில் நின்ற காராக இருக்குமோ என்று சந்தேகம். என்ஜின் இப்போதுதானே போனது?

2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கில் கார்கள் மூழ்கின. அவற்றில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் "டோட்டல் லாஸ்" என்று ஒதுக்கிய வண்டிகள் ஏலத்துக்குப் போகும். வாங்குபவர் கழுவித் துடைத்து, சில சமயம் வேறு மாவட்டத்தில் விற்பார். விற்பது குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு.

ஓடும் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளையும். கொஞ்சமாக வளைந்த ராடோடு வண்டி மாதக்கணக்கில் ஓடக்கூடும். பிறகு ஒருநாள் வேகத்தில் முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே "இப்போதுதானே போனது" என்பது வாதமே இல்லை. பிரிக்கும்போது மற்ற ராடுகளின் நேர்த்தன்மையையும், சிலிண்டர் சுவரில் பிஸ்டன் ஏறி நிற்கும் உயரம் ஒன்றில் மட்டும் குறைந்திருக்கிறதா என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். என்ஜினுக்கு வெளியேயும் தடயம் கிடைக்கும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் அடி நுனியில் சேற்றுக் கறை, சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த பித்தளை. பழைய இன்சூரன்ஸ் பாலிசி நகல் இருந்தால், அந்த எண்ணை வைத்துக் கிளெய்ம் ஏதும் நடந்ததா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தாலும், அந்தப் பதிவுகளை வரவழைக்கும்படி ஆணையத்திடம் மனுப் போடலாம்.

கிலோமீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்பதை நிரூபிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறை வண்டி விட்டபோதும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். 2021-இல் 1,12,000 என்றிருந்த வண்டி உங்களிடம் 64,000 என்று வந்திருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. மீட்டரில் மாற்றியிருந்தாலும் சில கார்களில் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் பழைய எண் அப்படியே இருக்கும். நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவர் எடுத்துத் தருவார். இது நிரூபணமானால் வாரண்டித் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே இரண்டாம்பட்சம். வழக்கு ஏமாற்று வழக்காகிவிடும்.

"உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன், பின்னால் எந்தக் கிளெய்மும் கிடையாது" என்று டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவ்வளவுதானா?

கதை முடிந்தது என்று விற்றவர் நினைப்பார். சட்டம் அவ்வளவு எளிதாக முடிப்பதில்லை, ஆனால் உங்கள் வேலை கடினமாகும் என்பது உண்மை.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆம் பிரிவில், அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரம் கேட்டு வாங்கினால் அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கூடவே ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இது பொருந்தாது. டயர் வழுக்கையாக இருந்ததை இப்போது சொல்ல முடியாது. ஆனால் ஒரு டெஸ்ட் டிரைவில் பேரிங் தேய்மானத்தையோ வளைந்த ராடையோ யாரால் கண்டுபிடிக்க முடியும்? அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவு, இந்த மறைமுகப் பொறுப்புகளை வெளிப்படையான ஒப்பந்தத்தால் நீக்கலாம் என்கிறது. விற்றவர் உங்கள் கையெழுத்தைக் காட்டுவது இதை நம்பித்தான்.

அவருக்கு அந்தக் கையெழுத்து உதவாத இடம், தெரிந்தே மறைத்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, தெரிந்த குறையை ஏமாற்றும் நோக்கோடு மறைப்பது மோசடி. திக்கான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்குவது, எச்சரிக்கை விளக்கின் பல்பை எடுத்துவிடுவது, கோளாறுக் குறியீடுகளை விற்பதற்கு முந்தைய நாள் அழிப்பது எல்லாம் இதில் வரும். ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எதிர்க்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்தக் கோரிக்கைக்கு மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஒரு 5 லட்ச ரூபாய்க் காருக்கு நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். குறைபாடுள்ள பொருள், நியாயமற்ற வணிக நடைமுறை என்று மாவட்ட ஆணையத்திலேயே வாதாடுவது சுருக்கம்.

கன்சல்டிங்காரர் "நான் வெறும் புரோக்கர், வித்தது பழைய ஓனர்" என்கிறார்.

இது பழைய பல்லவி. பணம் யார் கணக்குக்குப் போனது, டெலிவரி நோட்டில் யார் முத்திரை, விளம்பரம் யார் போட்டது என்பதுதான் கேள்வி.

இதற்கு இப்போது இன்னொரு பிடியும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பழைய வண்டி விற்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். ஓனர் வண்டியை அவரிடம் விடும்போது படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். அது முதல் சட்டத்தின் பார்வையில் டீலரே ஓனராகக் கருதப்படுவார். வண்டி எப்போது, எதற்காக எவ்வளவு தூரம் ஓடியது என்று பதிவேடும் வைக்க வேண்டும். நடைமுறையில் பல கடைகள் இன்னும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் வெற்றாகக் கையெழுத்து வாங்கி டிராயரில் போட்டுத்தான் வியாபாரம் செய்கின்றன. அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டுக் கேளுங்கள். பதில் வருவதற்கு முன்பே சிலருடைய குரல் மாறிவிடும்.

தனி ஆளிடம் நேரடியாக வாங்கினேன். நுகர்வோர் ஆணையம் போகலாமா?

தன் சொந்தக் காரை ஒருமுறை விற்றவர் வியாபாரி அல்ல. அங்கே நுகர்வோர் வழக்கு நிற்பது கடினம். சிவில் நீதிமன்றம்தான், கால வரம்பு 3 ஆண்டுகள். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் போலீஸ் புகார் கொடுக்கலாம். வெறும் "என்ஜின் போயிடுச்சு" என்றால் ஸ்டேஷனில் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள்.

கார் தயாரித்த கம்பெனியையும் சேர்க்கலாமா?

அவர்களுடைய வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால், அல்லது அவர்களே சான்றளித்து விற்ற வண்டியாக இருந்தால் சேர்க்கலாம். மற்றபடி பெரிய பெயர் இருந்தால் பணம் வரும் என்று சேர்த்தால் வழக்கு இழுக்கும். பழைய காரைப் புதிது என்று டீலர் விற்ற ஒரு வழக்கில், டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டாடா மோட்டார்ஸுக்கும் ஆன்டோனியோ பாலோ வாஸுக்கும் நடந்த வழக்கு அது.

என்ன கேட்கலாம்? புதிதாக வேறு கார் கேட்கலாமா?

வாரண்டியை மட்டும் வைத்துக் கேட்டால் பெரும்பாலும் பழுது நீக்கம்தான். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ சொல்கிறது என்றால் அதற்கு மேல் முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது. முழுப் பணமும் திரும்ப வேண்டுமானால் வாரண்டியைத் தாண்டி, மறைத்து விற்றார்கள் என்பதை நிறுவ வேண்டும்.

பாதி வழியில் வரும் சமரசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தகராறுகள் அங்கேதான் முடிகின்றன. "பார்ட்ஸ் நாங்க, லேபர் நீங்க" என்பார்கள். 1,40,000 ரூபாய் எஸ்டிமேட்டில் 1,00,000 அவர்கள் தந்தால் நான் ஒத்துக்கொள்ளச் சொல்வேன். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு வாடகையும் அலைச்சலும் அதைவிடக் கூட. ஆனால் ஒரிஜினல் பார்ட்ஸ்தானா, செய்த வேலைக்குத் தனி வாரண்டி எத்தனை மாதம் என்பது எழுத்தில் வர வேண்டும்.

"வேற என்ஜின் போட்டுத் தர்றோம்" என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. பழைய இரும்புச் சந்தையில் வாங்கிய என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற காகிதம், வாங்கிய பில், ஆர்.சி.யில் புது என்ஜின் எண்ணை ஏற்ற ஆர்.டி.ஓ. அனுமதி எல்லாம் இருக்க வேண்டும். எண் பொருந்தாத வண்டிக்கு நாளை விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும். திருட்டு என்ஜினாக இருந்தால் போலீஸ் கேட்கும். பிளாக் நன்றாக இருந்தால் ஹாஃப் என்ஜின் வேலையோடு முடிப்பது எவ்வளவோ மேல்.

புகார் எங்கே, எப்படி?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரிய நிறுவனமாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே ஓரளவு அசைவார்கள்; ஊர்க் கன்சல்டிங்காரர் அசைய மாட்டார். பிறகு 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை.

காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். நீங்கள் கேட்கும் இழப்பீட்டை இதில் கூட்ட வேண்டாம், கொடுத்த விலை மட்டுமே கணக்கு. கார் சேலத்தில் வாங்கியது, நீங்கள் இருப்பது தூத்துக்குடி என்றால் தூத்துக்குடியிலேயே போடலாம். இது 2019 சட்டம் தந்த வசதி. 2025 ஜனவரி முதல் இருக்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். கால வரம்பு 2 ஆண்டுகள். பேச்சுவார்த்தையில் அதைக் கரைத்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு பதில் கொடுக்க 30 நாள், கேட்டால் மேலும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது.

குறைபாடு பரிசோதனையில்தான் தெரியும் என்றால் ஆணையமே பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பும் வழக்கை 5 மாதத்திலும் மற்றவற்றை 3 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பிக் காலண்டரில் தேதி குறிக்காதீர்கள். வழக்கு முடியும்வரை வண்டியை ஓட்டாமல் வைத்திருக்க முடியாதவர்கள், நிபுணர் அறிக்கையும் பாகங்களும் பத்திரமாக இருக்கும் நிலையில், எழுத்தில் தெரிவித்துவிட்டு ரிப்பேர் செய்துகொள்வதே நடைமுறைக்கு ஒத்தது. வாட்ஸ்அப் உரையாடல்களைக் கொடுக்கும்போது மின்னணுப் பதிவுகளுக்கான, பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படியான சான்றையும் சேர்த்தால் எதிர்த்தரப்பு கிளப்பும் ஓர் ஆட்சேபம் குறையும்.

காரை டாக்சியாக ஓட்டுகிறேன்.

ஒரே வண்டி, நீங்களே ஓட்டிப் பிழைக்கிறீர்கள் என்றால் சுயதொழில் என்ற முறையில் நுகர்வோராகக் கருதப்படுவீர்கள். நான்கு வண்டியும் டிரைவர்களும் இருந்தால் கடினம். வாரண்டித் தாளில் வாடகை உபயோகத்துக்குப் பொருந்தாது என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒயிட் போர்டில் வாடகைக்கு ஓட்டியிருந்தால் அந்தக் காரணம் ஒன்றே மறுக்கப் போதும்.

என் கார் இன்சூரன்ஸில் கேட்கலாமா?

விபத்து இல்லாத மெக்கானிக்கல் பழுது வழக்கமான பாலிசியில் வராது. என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்து, தண்ணீர் புகுந்தோ ஆயில் ஒழுகியோ சேதமானால் கேட்டுப் பார்க்கலாம்.

கார் ஓடவில்லை. லோன் தவணையை நிறுத்தலாமா?

வேண்டாம். பேங்க் லோன் தனி ஒப்பந்தம். தவணை நின்றால் சிபில் ஸ்கோர் விழும், வண்டியையே எடுத்துப் போனால் உங்கள் முக்கியமான சாட்சியமும் சேர்ந்து போகும். கட்டிய வட்டியை இழப்பீட்டில் கேளுங்கள்.

ஆர்.சி. இன்னும் என் பெயருக்கு மாறவில்லை. புகார் கொடுக்க முடியுமா?

கொடுக்கலாம். பணம் கொடுத்து வாங்கியதற்கான ரசீது, பேங்க் பதிவு, டெலிவரி நோட் இருந்தால் நீங்கள் நுகர்வோர்தான். பில்லே தராததும் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதையும் புகாரில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஆனால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள்ளும், வெளி மாநிலம் என்றால் 45 நாளுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். "கேஸை வாபஸ் வாங்குங்க, அப்பதான் என்.ஓ.சி. தருவேன்" என்று மடக்குபவர்கள் உண்டு. அப்படி யாராவது சொன்னால் வாட்ஸ்அப்பிலேயே சொல்ல வையுங்கள்.